இரண்டாம் எண் டிராமில் மூன்று சுற்று

பெல்கிரேட்
19 நவம்பர் 2009

திருமதி விதோசவா கெல்லர் அவர்களுக்கு,

பத்து வருடங்களாக உனக்கு நான் கடிதம் எழுதவில்லை. இதையும் பாசத்தால் எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு விளக்கம் வேண்டும். அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு தெசாங்காவை உனக்கு நினைவிருக்கும். மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினாள். மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்ப்பா திஹோமிர், தங்கச்சி ஊருக்குத் திரும்பிப் போயாச்சா?"

"எந்தத் தங்கச்சி?"

"உனக்கு என்ன ஏழெட்டா இருக்கு? விதாதான். ஸ்லாவா அன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்லேருந்து கிளம்பி ரெண்டாம் நம்பர் டிராம் ஏறினேனா, உள்ள உட்கார்ந்திருக்கா. மேப்பை விரிச்சு வச்சுக்கிட்டு, ஜன்னலோரமா."

"வேற யாராவதா இருக்கும்."

"அந்த மூக்கை நான் மறப்பேனா? அது உங்கப்பா மூக்கு. கிட்டப் போயி 'விதா'ன்னு கூப்பிட்டேன். மேப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டா. சரி, அண்ணன் வீட்டுக்கு வர்ற வழி மறந்துபோச்சாக்கும்னு நெனச்சேன்."

அவள் இதைச் சொல்லும்போது மூன்றாம் மாடிக்காரன் செருப்பு மாட்டுவது போல் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டான். நாளைக்குள் கட்டடம் முழுவதும் தெரிந்துவிடும்.

ஆக, நீ வந்திருக்கிறாய். வந்து, பிறந்த ஊரை வெளிநாட்டுப் பயணி போல டிராமில் சுற்றிப் பார்த்திருக்கிறாய். கையில் வரைபடம்! இரண்டாம் எண் டிராம் ஓடும் வட்டத்துக்குள் பிறந்தவள் நீ. அந்தத் தண்டவாளத்துக்கு வெளியே இருப்பது பெல்கிரேடே அல்ல என்று சொல்லி, நதிக்கு அப்பாலிருந்து பள்ளிக்கு வந்த பெண்களைக் கேலி செய்து அழவைத்தவள் நீ. நான் முப்பது வருடமாகப் புவியியல் கற்பிக்கிறேன். சொந்த ஊரில் வரைபடம் பார்க்கும் ஒருவரை இதுவரை சந்தித்ததில்லை.

அதுவும் எந்த நாளில்? நவம்பர் எட்டு. புனித திமித்ரியின் நாள். நம் வீட்டு ஸ்லாவா. வருடத்தில் அந்த ஒரு நாள் வீட்டுப் புனிதருக்கு மெழுகுவத்தி ஏற்றி, கதவைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கு எல்லாம் சோறு போடும் நாள். அதற்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. அழைத்தால்தான் கேவலம். தெரிந்தவன் தானாக வருவான். இதையெல்லாம் உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது, பார்.

அப்பா காலத்தில் நாற்பது பேர் வருவார்கள். இந்த வருடம் ஆறு பேர். அதில் ஒருவன் எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியன். தலைமை ஆசிரியர் பதவி எனக்கு வராமல் போனதற்கு யார் காரணமோ அவன். என் வறுவலைத் தின்றுகொண்டே என் சமையலறைக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்றான். ஸ்லாவா ரொட்டியை இரண்டு பேர் பிடித்துத் திருப்பி, சேர்ந்து பிட்க வேண்டும். வீட்டு ஆள் இன்னொருவர் வேண்டும். நான் யாருடன் திருப்பினேன் தெரியுமா? தெசாங்காவின் மருமகனுடன். அவன் ஒரு கையில் ரொட்டி, மறு கையில் கைபேசி.

அன்று சாயங்காலம் நீ ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

வந்தாயா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. ஓர் அஞ்சலட்டை போதும்.

திஹோமிர் ப்ரோதிச்


பாசெல்
1 டிசம்பர் 2009

அண்ணா,

ஆம்.

அஞ்சலட்டை போதும் என்றாய். ஆனால் உன் கடிதத்தில் விட்டுப்போன விஷயங்களுக்கு அஞ்சலட்டையில் இடம் போதாது.

வெள்ளிக்கிழமை மதியம் வந்தேன், திங்கட்கிழமை காலை கிளம்பினேன். கோட்டைக்குப் பின்னால் ஒரு ஹோட்டல். வரவேற்பில் இருந்த பெண் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினாள். நான் நம் மொழியில் பதில் சொன்னதும், "ரொம்ப நல்லா பேசுறீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு வரைபடத்தைக் கையில் திணித்தாள். அப்படித்தான் வரைபடம் வந்தது.

ஏன் டிராம் என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். பதின்மூன்று வருடம் கழித்து வருகிறவளுக்கு நடந்து போகத் தைரியமில்லை. நடந்தால் யாராவது நிறுத்திப் பேசுவார்கள். டிராமில் உட்கார்ந்தால் ஊர் ஓடிக்கொண்டே இருக்கும், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். வெள்ளியன்று ஏழாம் எண்ணில் சாவா நதியைத் தாண்டிக் கடைசி நிறுத்தம் வரை போனேன். நான் கேலி செய்த பெண்களின் அடுக்குமாடிகளை எல்லாம் பார்த்தேன். நம் கட்டடத்தைவிட நன்றாக இருந்தன. சனியன்று மூன்றாம் எண்ணில் தொப்சிதெர் காடு வரை. வழியில் கூட்டம் ஏறி என்னைக் கம்பியோடு அழுத்தியது. எங்கிருந்தோ ஒரு டிக்கெட் தலைகளுக்கு மேலே கை மாறி என் கைக்கு வந்தது. "அக்கா, கொஞ்சம் குத்திக் குடுங்க." பக்கத்திலிருந்த இயந்திரத்தில் குத்தி, வந்த வழியே திருப்பி அனுப்பினேன். யாரும் நன்றி சொல்லவில்லை. மூன்று நாளில் எனக்குக் கிடைத்த ஒரே வரவேற்பு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை. நாலு மணிக்குத் துறைமுக நிறுத்தத்தில் இரண்டாம் எண் ஏறினேன். புது மேல்சட்டை, மடியில் ஒரு புட்டி ப்ரோகுபாட்ஸ். அப்பா குடிக்கும் சிவப்பு ஒயின்தான். வண்டி பச்சை நிறம். எங்கேயோ பார்த்த வண்டி என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்தேன். ஜன்னலுக்குக் கீழே ஜெர்மன் மொழியில் 'வெளியே சாயாதீர்கள்' என்று இருந்தது. பாசெலில் பன்னிரண்டு வருடம் நான் மருந்தகத்துக்கு வேலைக்குப் போன வண்டி! எங்கள் ஊர் கழித்துக்கட்டி உங்கள் ஊருக்குக் கொடுத்திருக்கிறது. எதிரே தொப்பி போட்ட ஒரு பெரியவர் நான் அந்த எழுத்தைப் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"பாசெல்."

"அட, இந்த வண்டியும் அங்கேருந்துதான் வந்துச்சு. வந்தது இங்கேயே தங்கிடுச்சு. நீங்க எத்தனை நாள்?"

"மூணு நாள்."

"அப்ப வண்டியே பரவாயில்ல."

பெட்டி முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜார்ஜ் வாஷிங்டன் தெருவுக்குள் திரும்பியபோது எழுந்து கதவருகே போனேன். நம் வீட்டு ஜன்னலில் விளக்கு. வெள்ளைச் சட்டையில் நீ நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தாய். தலை நரைத்துவிட்டது. கதவு திறந்தது. "இறங்குறீங்களா இல்லையா? வழியிலேயே நிக்கிறீங்களே," என்று பின்னால் ஒருத்தி இடித்தாள். அந்த நொடியில் எனக்குக் கேட்டது அவள் குரல் அல்ல, உன் குரல். தொண்ணூற்றொன்பது ஏப்ரலில் போனில் நீ சொன்னது: "இனிமே இது உன் வீடு இல்ல." கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளேயே இருந்தேன்.

இரண்டாம் சுற்றில் துணிவு வந்தது. அதே நிறுத்தத்தில் தெசாங்கா ஏறினாள். வரைபடம் எதற்கு என்று கேட்டாயே, முகத்தை மறைக்க.

மூன்றாம் சுற்றில் எழுந்திருக்கவே இல்லை. துறைமுகத்தில் ஓட்டுநர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"அக்கா, இது சுத்திச் சுத்தி வர்ற வண்டி. நீங்களா இறங்கினாத்தான் உண்டு. எங்க போகணும்?"

"ஸ்லாவாவுக்கு."

"யார் வீட்டுக்கு?"

சொல்லத் தெரியவில்லை. அவர் கிண்டல் செய்யாமல், "எங்க வீட்லயும் இன்னைக்குத்தான். டூட்டி போட்டுட்டானுங்க. பெண்டாட்டி தனியா வந்தவங்களையெல்லாம் பார்த்துக்கிட்டிருக்கா," என்றார். ஒயின் புட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அழைக்காமல் போவது விருந்தாளிக்கு உரிய மரியாதை, அண்ணா. விரட்டப்பட்டவளுக்கு அது பொருந்தாது. பத்து நவம்பர் போய்விட்டது. ஒரு வரி நீ எழுதவில்லை. இப்போது கணக்குக் கேட்க மட்டும் மூன்று பக்கம் எழுதுகிறாய்.

விதா


பெல்கிரேட்
12 டிசம்பர் 2009

விதா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கோபம் வந்தது.

முதலில் ஒயின். அப்பாவின் ஸ்லாவாவுக்கு வாங்கிய ப்ரோகுபாட்ஸை, ஊர் பேர் தெரியாத ஒரு டிராம் ஓட்டுநருக்குக் கொடுத்திருக்கிறாய்! அதுவும் வேலை நேரத்தில்! வழியில் குடித்துவிட்டு வண்டியைச் சாவா நதியில் இறக்கியிருந்தால்? அவனுக்கு ஸ்லாவா, அவன் மனைவி தனியாக நிற்கிறாள் என்று உனக்கு மனம் இளகியது. எனக்கு மனைவியும் இல்லை, விதா. நானே வறுத்து, நானே பரிமாறி, நானே தட்டு கழுவினேன். கடைசி விருந்தாளி போகும்வரை வீட்டுக்காரன் உட்காரக் கூடாது என்பதால் காலை ஒன்பது மணியிலிருந்து நின்றேன். நீ ஜன்னலில் பார்த்த ஆள் ரசித்துப் புகை பிடிக்கவில்லை. கால் வலிக்கு ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தான்.

பச்சை டிராம்களை நான் தினமும் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் திட்டுவேன். உங்கள் ஊர் வேண்டாம் என்று தள்ளியதை எங்கள் ஊர் கைதட்டி வாங்கிக்கொண்டது என்று. அன்றும் திட்டினேன். நீ உள்ளே இருப்பது தெரிந்திருந்தால் இன்னும் உரக்கத் திட்டியிருப்பேன். உனக்கும் கேட்டிருக்கும், இறங்கியும் இருப்பாய்.

இப்போது தொண்ணூற்றொன்பதுக்கு வருகிறேன். நீயே இழுத்துவிட்டாய்.

நான் சொன்னதாக நீ எழுதும் வாக்கியத்தைச் சொன்னேன். மறுக்கவில்லை. ஏன் சொன்னேன் என்பதை மட்டும் நீ எழுதவில்லை. அப்பா புதன்கிழமை இறந்தார். அன்றே உனக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை புதைத்தோம். வானத்தில் குண்டு விமானம், அபாயச் சங்கு ஊதுகிறது, பாதிரியார் பாதி மந்திரத்தை விழுங்கிவிட்டார். சவப்பெட்டியைத் தூக்க நாலு ஆண் கிடைக்கவில்லை. எல்லோரும் படையில், அல்லது கிராமத்தில், அல்லது பயத்தில். மூன்றாம் மாடிக்காரனிடம் போய்க் கெஞ்சினேன். அந்த மனிதனிடம்! அவன் அதை இன்றுவரை எனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கிறான். அமெரிக்கன் தலைக்கு மேல் குண்டு போடுகிறான், நாங்கள் ஜார்ஜ் வாஷிங்டன் தெரு வழியாக அப்பாவைக் கொண்டுபோகிறோம். அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

நீ வரவில்லை. எல்லாம் முடிந்து சனிக்கிழமை போன் செய்தாய். "எப்படி இருக்கே?" என்று கேட்டாய். பாசெலில், சமையலறையில், காபிக் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டு ஒருத்தி "எப்படி இருக்கே?" என்று கேட்டால், இங்கே இருப்பவன் என்ன சொல்வான்? அதைத்தான் சொன்னேன்.

ஆனால் கதவைப் பூட்டவில்லை. பத்து நவம்பரிலும் அன்று காலை முதல் கதவு திறந்தே இருந்தது. மற்ற நாளில் போனில் சொல்வது வேறு, ஸ்லாவா வேறு. எதிரி வந்தாலும் நாற்காலி போடும் நாள் அது. எனக்குப் பதவி கிடைக்காமல் செய்தவனுக்கே போட்டேன். உனக்குப் போடமாட்டேனா? அழைப்பு வேண்டுமாம்! நம் குடும்பத்தில் இருநூறு வருடமாக யாரும் யாரையும் அழைத்ததில்லை. உனக்காக நான் அட்டை அச்சடிக்க வேண்டுமா?

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். தெரிவித்துவிடுகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் இல்லாமல் ஸ்லாவா நடத்துவது நாடகம். அடுத்த நவம்பர்தான் கடைசி. அதற்குப் பிறகு திமித்ரியின் படத்தைச் சந்தைக்குப் பக்கத்துத் தேவாலயத்தில் கொடுத்துவிடுவேன். பாதிரியாரிடம் பேசியாகிவிட்டது. ப்ரோதிச் வீட்டு ஸ்லாவா என்னோடு முடிகிறது. இதில் உன் கருத்தைக் கேட்கவில்லை.

திஹோமிர்


பாசெல்
10 ஜனவரி 2010

அண்ணா,

காபிக் கோப்பை இல்லை. சமையலறையும் இல்லை.

நான் அந்தப் போனைப் புடாபெஸ்ட் ரயில் நிலையத்திலிருந்து செய்தேன்.

நீ புதன்கிழமை மதியம் சொன்னாய். மாலை ரயில் ஏறினேன். வியன்னாவில் மாறி, வியாழன் மதியம் புடாபெஸ்ட். அங்கிருந்து பெல்கிரேடுக்கு வேன்காரர்கள் ஆள் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருவன் என் பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தான். "இது போன வருஷமே முடிஞ்சுபோச்சே அக்கா. எல்லையில உங்கள இறக்கிவிட்டுட்டு என்னையும் சேர்த்துப் பிடிப்பாங்க. தூதரகத்துல ஒரு காகிதம் வாங்கிட்டு வாங்க." உண்மைதான். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்காமல் விட்டது என் சோம்பேறித்தனம். அதற்கு நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். வியாழன் சாயங்காலம் தூதரகத்தில் கதவை மூடிவிட்டார்கள். வெள்ளியன்று முழுவதும் வரிசையில் நின்றேன். காலையில் எனக்கு முன்னால் இருநூறு பேர். அப்பாவை நீங்கள் புதைத்துக்கொண்டிருந்தபோது நான் நூற்றுப் பதினேழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை காகிதம் கிடைத்தது. மதியம் இரண்டு மணி வேனில் இடம் சொல்லிவிட்டு உனக்குப் போன் செய்தேன். ராத்திரிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லத்தான். "எப்படி இருக்கே?" என்று ஆரம்பித்தேன். வேறு எப்படி ஆரம்பிப்பது? நீ அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. வேன்காரன் ஹாரன் அடித்தான். கையை ஆட்டி, போகச் சொல்லிவிட்டேன்.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் நீ வருந்துவாய், மன்னிப்பாய், நானும் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம் என்று இருந்தது. நீயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. எப்படித் தெரிந்துகொள்வாய் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தூதரகக் காகிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரையில் தேதி இருக்கிறது. நீ என் வார்த்தையை நம்பமாட்டாய் என்பதால் வைக்கிறேன். இப்படி வைக்க வேண்டியிருப்பதை நான் மறக்கமாட்டேன்.

படத்தைத் தேவாலயத்துக்குக் கொடுப்பது உன் இஷ்டம் என்கிறாய். அது அப்பாவுடையது. என்னைக் கேட்காமல் நீ பாதிரியாரிடம் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை.

விதா


பெல்கிரேட்
21 மார்ச் 2010

விதா,

இரண்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

ஏன் சொல்லவில்லை? ஒரு வார்த்தை! 'புடாபெஸ்ட்' என்ற ஒரு வார்த்தை போதும். "எப்படி இருக்கே" என்பதற்குப் பதிலாக அதைச் சொல்லியிருந்தால் நான் எல்லை வரை நடந்தே வந்திருப்பேன். பத்து வருடம் நீ அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். நான் ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே நிற்கிறேன், உன்னைத் திட்டிக்கொண்டு, நியாயம் என் பக்கம் என்று நினைத்துக்கொண்டு. என்னைப் பத்து வருடம் முட்டாளாக நிற்கவைத்திருக்கிறாய். இதை நான் எளிதில் விடமாட்டேன்.

முத்திரையைப் பார்த்தேன். ஏப்ரல் பதினேழு. நகல் அனுப்பியிருக்க வேண்டாம். அனுப்பியது சரிதான் என்பதும் தெரிகிறது. இரண்டுக்கும் கோபம் வருகிறது.

தெசாங்காவிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? சந்தையிலிருந்து வெங்காயத்தாள் கட்டோடு வந்தவள் அதைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"அடேய், அப்போ அந்தப் பொண்ணு டிராம்ல உட்கார்ந்து உன் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்திருக்கா. நீ என்ன செஞ்சே?"

"எனக்கு எப்படித் தெரியும்? மேல ஏறி வந்திருக்கலாமே. ஸ்லாவாவுக்கு அழைக்கக் கூடாதுன்னு அவளுக்குத் தெரியாதா?"

"ஊரையே கூப்பிடாம வரவைக்கிற நாளுதான். இல்லேங்கல. ஆனா நீ ஊரை விரட்டலியே. அவளை மட்டும்தான விரட்டினே?"

"அது போன்ல சொன்னது."

"காதுலதான விழுந்துச்சு? நீ வாயால விரட்டுவே, அவ மட்டும் உன் மனசைப் படிச்சுட்டு வரணுமா? பள்ளிக்கூடத்துல இதையா சொல்லித்தர்றே?"

வெங்காயத்தாளால் என் மார்பில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனாள். ஐம்பத்தைந்து வயதில், மாடிப்படியில், எல்லோரும் பார்க்க. அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. பிறகு பேசினேன். அவள் சொன்னதற்கு அந்த ஒரு வாரத்தில் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

ஆகவே இரண்டு விஷயம்.

ஒன்று. 1999 ஏப்ரல் 17 அன்று நான் சொன்ன வாக்கியம் தவறு. அதைத் திரும்பப் பெறுகிறேன். வாக்கியத்தை மட்டும். அன்றைய கோபத்தை அல்ல. சவப்பெட்டியின் ஒரு மூலையை மூன்றாம் மாடிக்காரன் தூக்கினான் என்பது மாறாது.

இரண்டு. கீழே உள்ளதை நம் குடும்பத்தில் இதுவரை யாரும் எழுதியதில்லை. எழுதும்போது கை கூசுகிறது. தாத்தா உயிரோடு இருந்தால் என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பார். இருந்தும் எழுதுகிறேன், நீ கேட்டதால்.

திருமதி விதோசவா கெல்லர் அவர்களை 2010 நவம்பர் 8, திங்கட்கிழமை, ஜார்ஜ் வாஷிங்டன் தெரு, இரண்டாம் மாடி, ப்ரோதிச் வீட்டு ஸ்லாவாவுக்கு வருமாறு அழைக்கிறேன். காலை பத்து மணிக்கு ரொட்டி பிட்கப்படும். அதன் பிறகு எந்நேரமும் வரலாம்.

போதுமா? இப்போது உன் கையில் எழுத்து இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டிக்கொள்.

திஹோமிர்


பாசெல்
6 ஏப்ரல் 2010

அண்ணா,

உன் அழைப்பைக் கத்தரித்து இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மீதிக் கடிதத்தை வைத்துக்கொண்டேன்.

பத்து வருடம் இதற்காகக் காத்திருந்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். கையில் வாங்கிப் படித்ததும் முகம் சுட்டது. 'காலை பத்து மணிக்கு. அதன் பிறகு எந்நேரமும்.' வேதியியல் ஆசிரியனுக்குக்கூட நீ இப்படி எழுதமாட்டாய். என்ன எழுதியிருக்கிறாய் என்று உனக்குப் புரிகிறதா? என்னை விருந்தாளி ஆக்கிவிட்டாய். வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரு கரண்டி கோதுமைப் பாயசம் தின்று, "ரொம்ப நல்லா இருந்தது" என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்குப் போக வேண்டுமா? அதற்கு டிராமே மேல்.

நான் கேட்டது அழைப்பு என்று நானும்தான் தவறாக நினைத்துவிட்டேன். நான் கேட்டது முதல் விஷயம். அதை நீ ஒரே வரியில் எழுதி, அடுத்த வரியிலேயே கொஞ்சம் பிடுங்கியும் கொண்டாய். பரவாயில்லை. இருப்பதை எடுத்துக்கொள்கிறேன்.

எட்டாம் தேதி வரமாட்டேன். எட்டாம் தேதி வருகிறவர்கள் விருந்தாளிகள்.

நான் நவம்பர் ஐந்தாம் தேதி வருகிறேன், வெள்ளிக்கிழமை. மருந்தகத்தில் இரண்டு வாரம் விடுப்புச் சொல்லிவிட்டேன். சமையலறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்த்து வை. அந்த வேதியியல் ஆசிரியன் சொன்னதில் அது ஒன்று சரி. ஒன்பது பேர் உட்காரும் மேசை விரிப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. பூச்சி அரித்திருந்தால் இப்போதே எழுது, இங்கிருந்து வாங்கி வருகிறேன். உன்னால் நாள் முழுவதும் நிற்க முடியாது என்பது தெரிந்துவிட்டது. பாதி நாள் நான் நிற்கிறேன், பாதி நாள் நீ நில். பெண் நிற்கலாமா என்று பாதிரியார் கேட்டால் என்னிடம் அனுப்பு. படத்தைப் பற்றியும் அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன். அது சுவரை விட்டு இறங்காது.

உன்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறேன். இரண்டு வாரம் இருப்பேன் என்பதால் அதை நேரில் வைத்துக்கொள்ளலாம்.

நிலையத்துக்கு வந்து நிற்காதே. வழி எனக்குத் தெரியும்.

விதா